பழைய கைத்துப்பாக்கியும் பஞ்சுப் பெட்டியும்

திருப்பூர் முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையில் துணி செக்கிங் மேசையில் நிற்பவர்களுக்கு நீடில் லைன் என்றால் விளக்கம் தேவையில்லை. விளக்கு வெளிச்சத்துக்கு முன்னால் துணி ஓடும்போது நெடுக்காக ஒரு மெல்லிய கோடு தெரியும். ரோல் முழுவதும் ஓடி முடிந்தாலும் கோடு இடம் மாறாது. 30 அங்குல விட்டமும் 24 கேஜும் உள்ள வட்டப் பின்னல் மெஷினில் 2,260 சொச்சம் ஊசிகள் இருக்கும். அவற்றில் ஒன்றின் கொக்கி லேசாக வளைந்தால்கூட அது போடும் கண்ணி மட்டும் மற்றவற்றிலிருந்து மாறிவிடும். "நம்ம மெஷின்ல வந்ததில்லீங்க" என்று நிட்டிங் கம்பெனிக்காரர் சாதிப்பார். அந்த மெஷினில் கொஞ்சம் துணி ஓட்டி எடுத்து, தகராறுக்குரிய துணியின் பக்கத்தில் விரித்துப் பார்த்தால் பேச்சு முடிந்துவிடும்.

கைத்துப்பாக்கியின் எஃகுக் குழலும் தன் வழியாகப் போகும் ஒவ்வொரு குண்டின் மேலும் இப்படித்தான் கோடு போடுகிறது. ஆனால் ஒரு துப்பாக்கியைச் சோதித்துச் சுடுவதில் இரண்டு வகை உண்டு. வாங்குபவர் சுடுவது, இது வேலை செய்யுமா என்று தெரிந்துகொள்ள. ஆய்வுக்கூடம் சுடுவது, அன்று சுட்டது இதுதானா என்று தெரிந்துகொள்ள. வெடிக்கும் சத்தம் ஒன்றுதான் என்றாலும் முதல் கேள்விக்கான பதில் துப்பாக்கியிடம் இருக்கிறது, இரண்டாவதற்கானது குண்டிடம் இருக்கிறது. இந்தியாவில் இந்த இரண்டு வகைச் சோதனையும் நீதிமன்ற ஆவணங்களில் பதிவான ஒரு வழக்கு, 1948 ஜனவரியில் நடந்த காந்தி கொலை வழக்கு.

ஜனவரி 20 அன்று பிர்லா மாளிகையில் நடந்த முதல் முயற்சி தோற்றது. அன்று காலை, டெல்லி இந்து மகாசபை பவனுக்குப் பின்னால் இருந்த காட்டுப் பகுதியில் சதிகாரர்கள் தங்களிடம் இருந்த இரண்டு பழைய ரிவால்வர்களைச் சோதித்தார்கள். ஒன்றின் தோட்டா அறை சரியாக இயங்கவில்லை. மற்றொன்று வெடித்தது, ஆனால் குறிவைத்த மரம் வரை குண்டு போய்ச் சேரவில்லை. அப்ரூவராக மாறிய திகம்பர் பாட்கேயின் சாட்சியத்தில் வரும் செய்தி இது.

குண்டு பாதி வழியில் விழுந்தது என்பதை வேடிக்கையாகக் கடந்துவிடலாம், ஆனால் அதில் ஓர் அளவீடு ஒளிந்திருக்கிறது. தோள் உயரத்திலிருந்து, அதாவது ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, கிடையாகச் சுட்ட எந்தக் குண்டும் தரையைத் தொட எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 0.55 விநாடி. வேகம் எதுவானாலும் இந்த நேரம் மாறாது; கையிலிருந்து நழுவவிட்ட கல்லுக்கும் இதே நேரம்தான். விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு அதற்குள் 110 மீட்டர் கடந்துவிடும். 50 மீட்டர் வேகமே உள்ள குண்டு 27 மீட்டரிலேயே மண்ணில் விழும். பக்கத்தில் இருக்கும் மரத்தை எட்டவில்லை என்றால் குண்டு தன் வேகத்தில் பெரும்பகுதியை எங்கோ தொலைத்திருக்கிறது என்று பொருள்.

பழைய ரிவால்வரில் அது தொலைவதற்குப் பல இடங்கள் உண்டு. சுழலும் உருளைக்கும் குழலுக்கும் இடையே எப்போதும் ஒரு சிறு இடைவெளி இருக்கும். தேயத் தேய அது பெரிதாகி வாயு பக்கவாட்டில் கசியும். தோட்டாவின் அளவு அறைக்குப் பொருந்தாவிட்டால் குண்டைச் சுற்றியும் கசியும். ஈரம் ஏறிய வெடிமருந்து மெதுவாக எரியும், அழுத்தம் ஏறுவதற்குள் குண்டு வெளியே வந்துவிடும். உருளை சரியான இடத்தில் நிற்காவிட்டால் குண்டு குழல்வாயின் விளிம்பில் உரசி ஈயம் சீவப்படும். அந்தக் காலை எது நடந்தது என்று ஒரே ஒரு வெடியை வைத்துச் சொல்ல முடியாது. வாங்குபவர் சுட்டுப் பார்ப்பதன் பெரிய குறை இதுதான். கோளாறு இருப்பது தெரியும், எங்கே என்பது தெரியாது.

அதற்குப் பிறகு நல்ல ஆயுதம் தேடி குவாலியருக்குப் போனார்கள். அங்கே முதலில் ஒரு நாட்டுத் துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்துச் சரியில்லை என்று ஒதுக்கியதாக விசாரணையில் வருகிறது. கடைசியில் சில நூறு ரூபாய்க்குக் கைமாறியது இத்தாலியத் தயாரிப்பான பெரெட்டா எம்1934, வரிசை எண் 606824. கார்டோனே வால் ட்ரோம்பியாவில் பெரெட்டா ஆலை இத்தாலிய ராணுவத்துக்காகச் செய்த குட்டைப் பிஸ்டல் அது. உலகப் போரில் கைப்பற்றப்பட்டு இந்தியா வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். எப்படி வந்திருந்தாலும் குவாலியரில் அது பல கை மாறிய பழைய பொருள்தான். ரசீதும் கிடையாது, உரிமமும் கிடையாது.

இந்தப் பிஸ்டலின் உள்ளமைப்பைச் சற்று நின்று பார்க்கலாம். நீளம் 15 சென்டிமீட்டர் சொச்சம், குழல் 94 மில்லிமீட்டர், மேகசினில் 7 தோட்டாக்கள். தோட்டா 9 மில்லிமீட்டர் விட்டமுள்ள குட்டை வகை, அதன் உறையின் நீளம் 17 மில்லிமீட்டர். வெடிக்கும் கணத்தில் உறைக்குள் எழும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்கைத் தாண்டும். அந்த அழுத்தம் குண்டை முன்னால் தள்ளும்போதே உறையைப் பின்னாலும் தள்ளுகிறது. குண்டு வெளியேறும் முன் உறை அறையைவிட்டுக் கழன்றால் அது சுடுபவரின் முகத்துக்கு நேரே கிழியும். பெரிய பிஸ்டல்களில் இதைத் தடுக்க ஒரு பூட்டு உண்டு. இந்தச் சின்னப் பெரெட்டாவில் பூட்டே இல்லை.

பூட்டின் வேலையை எடை செய்கிறது. குண்டின் எடை 6 கிராம் சொச்சம். அதற்குப் பின்னால் உறையைத் தாங்கி நிற்கும் ஸ்லைடு கால் கிலோ என்று வைத்துக்கொள்வோம், குண்டைப்போல் நாற்பது மடங்கு. நியூட்டனின் விதிப்படி இரண்டுக்கும் ஒரே உந்தம், எதிரெதிர்த் திசையில். எனவே குண்டு போகும் தூரத்தில் நாற்பதில் ஒரு பங்குதான் ஸ்லைடு பின்வாங்கும். குண்டு 94 மில்லிமீட்டரைக் கடந்து குழலைவிட்டு வெளியேறும்போது ஸ்லைடு நகர்ந்திருப்பது இரண்டரை மில்லிமீட்டருக்கும் குறைவு. 17 மில்லிமீட்டர் உறையின் பெரும்பகுதி இன்னும் அறைக்குள் பத்திரமாக இருக்கிறது. இவ்வளவும் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். அழுத்தம் இறங்கிய பிறகு, பெற்ற வேகத்திலேயே ஸ்லைடு பின்னால் போய் காலி உறையைத் தூக்கி வெளியே எறிகிறது. ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. எந்திரவியலில் இவ்வளவு சிக்கனமான ஏற்பாடு அதிகம் கிடையாது, அது எதற்குப் பயன்படுகிறது என்பதை மறந்துவிட்டுப் பார்த்தால்.

பழைய பிஸ்டலில் முதலில் சோர்ந்துபோவது ஸ்பிரிங். பல ஆண்டுகள் அழுந்திக் கிடந்ததும் ஆயிரக்கணக்கான முறை சுருங்கி விரிந்ததும் அதன் விறைப்பைக் குறைத்துவிடும். தளர்ந்த ஸ்பிரிங் ஸ்லைடைப் பின்னால் பலமாக மோதவிடும். முன்னால் வரும்போது அடுத்த தோட்டாவை ஏற்ற வலு இருக்காது, பாதியில் சிக்கி நிற்கும். மேகசினின் ஸ்பிரிங் தளர்ந்தாலும் இதே தொல்லைதான். ஆகவே ஒரு தோட்டா வெடித்தது என்பது பழைய தானியங்கிப் பிஸ்டலுக்குச் சான்றிதழ் ஆகாது. மேகசின் முழுவதும் தடங்கல் இல்லாமல் ஓட வேண்டும்.

இந்த எந்திரத்துக்கு இன்னொரு குணம் உண்டு. ரிவால்வர் தன் காலி உறைகளை வயிற்றிலேயே வைத்துக்கொள்ளும். பிஸ்டல் அவற்றைச் சுட்ட இடத்திலேயே சிதறிவிட்டுப் போகும். துப்பறிபவர்களுக்குக் கிடைக்கும் சாட்சிகளில் பாதி இப்படித் தரையில் கிடப்பவைதான்.

காந்தி சுட்டுக் கொல்லப்பட்ட ஜனவரி 30 மாலைக்குப் பிறகு அந்தப் பெரெட்டாவும், கிடைத்த குண்டுகளும், காலி உறைகளும் கிழக்குப் பஞ்சாப் குற்றப்புலனாய்வுத் துறையின் பிலௌர் அறிவியல் ஆய்வுக்கூடத்துக்குப் போயின. நூறு பேர் முன்னிலையில், பிடிபட்டவனின் கையிலேயே துப்பாக்கி இருந்த வழக்கு அது. யார் சுட்டது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. இருந்தும் அதே துப்பாக்கியால் சோதனைக் குண்டுகள் சுடப்பட்டு ஒப்பிடப்பட்டன. செங்கோட்டையில் நடந்த விசாரணையில் அந்த ஒப்பீடும் சான்றானது. கண்ணால் கண்ட சாட்சி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். எழுபது ஆண்டு கழித்து, இன்னொரு துப்பாக்கியிலிருந்து நான்காவதாக ஒரு குண்டு பாய்ந்தது என்று சொல்லி மறுவிசாரணை கேட்டு உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு மனு வந்தது. 2018 மார்ச்சில் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அன்று எடுத்து வைத்த பொருட்சான்றுகளின் அருமை இப்படிப்பட்ட நேரத்தில்தான் தெரியும்.

ஆய்வுக்கூடம் சுடும் முறையே வேறு. குறி எதுவும் கிடையாது. நீளமான தண்ணீர்த் தொட்டிக்குள் சுடுவார்கள், அல்லது பஞ்சு அடைத்த நீண்ட பெட்டிக்குள். திருப்பூரில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும் அதே பஞ்சு. குண்டு நசுங்காமல், புதுக் கீறல் படாமல் மெதுவாக நிற்க வேண்டும் என்பதுதான் நோக்கம். சுவரில் மோதி மலர்ந்த குண்டில் குழல் போட்ட கோட்டைத் தேட முடியாது.

குழலின் உள்சுவரில் திருகாணிபோல் சுழன்று போகும் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். குண்டைச் சுழல வைத்துத் தடுமாறாமல் பறக்கச் செய்வதற்காக. கால் மீட்டருக்கு ஒரு சுற்று என்று வெட்டிய குழலிலிருந்து விநாடிக்கு 230 மீட்டர் வேகத்தில் வரும் குண்டு விநாடிக்குத் தொள்ளாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும். குண்டின் விட்டம் குழலின் விட்டத்தைவிட மயிரிழை பெரியது. அதன் செம்பு உறை எஃகைவிட மிருது. அதனால் மேடுகள் குண்டில் பதிந்து பள்ளமாகின்றன. எத்தனை பள்ளம், வலமா இடமா என்பது தயாரிப்பாளரைக் காட்டும். கோல்ட் ரிவால்வர்கள் வழக்கமாக ஆறு பள்ளம், இடப்பக்கச் சுழல். ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வர்கள் ஐந்து பள்ளம், வலப்பக்கம். இது குலத்தைச் சொல்லும், ஆளைச் சொல்லாது.

ஆளைச் சொல்வது அந்தப் பள்ளங்களுக்குள்ளே இருக்கும் நுண்கோடுகள். குழலை வெட்டிய உளியின் முனை ஒவ்வொரு வெட்டிலும் கொஞ்சம் தேய்கிறது, ஒரு எஃகுத் துகள் சிக்கி ஒரு கீறல் போடுகிறது. பிறகு துரு, அழுக்கு, தப்பான கம்பியால் சுத்தம் செய்தது எல்லாம் சேருகின்றன. இங்கே பழைய துப்பாக்கி புதியதைவிட அதிகம் பேசும். காலித் தோட்டா உறையிலும் இப்படியே. ஃபயரிங் பின் அடித்த குழி, பின்சுவர் அழுந்திய தடம், உறையைப் பிடித்து இழுத்த நகத்தின் கீறல் என்று மூன்று நான்கு கையெழுத்துகள் அதில் இருக்கும்.

இவற்றை ஒப்பிட உதவுவது ஒப்பீட்டு நுண்ணோக்கி. இரண்டு நுண்ணோக்கிகளை ஒரு பாலத்தால் இணைத்து, இடப் பாதியில் சம்பவக் குண்டும் வலப் பாதியில் சோதனைக் குண்டும் தெரியும்படி செய்த கருவி. குண்டுகளை மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் ஓரிடத்தில் இரு பாதியின் கோடுகளும் நடுக்கோட்டைத் தாண்டித் தொடரும். 1920களில் நியூயார்க்கில் கால்வின் கோடார்டும் அவருடைய கூட்டாளிகளும் இதைத் துப்பாக்கி ஆய்வுக்குக் கொண்டுவந்தார்கள். 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் ஏழு பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, கொலையாளிகளில் சிலர் போலீஸ் உடையில் வந்ததால் பழி போலீஸ் மேலேயே விழுந்தது. கோடார்ட் போலீசாரின் இயந்திரத் துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்து, அவை அல்ல என்று சொன்னார். அந்த ஆண்டின் இறுதியில் ஃப்ரெட் பர்க் என்ற கூலிக் கொலைகாரனின் வீட்டில் கிடைத்த இரண்டு துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்து, இவைதான் என்றார். அல்ல என்று சொல்லவும் இந்தச் சோதனை பயன்படும் என்பதைத்தான் இந்தக் கதையில் நான் முக்கியமாக எண்ணுகிறேன்.

நம் ஊர் நாட்டுத் துப்பாக்கி கோடார்டுக்கு வராத தலைவலி. தண்ணீர்க் குழாயில் செய்த குழலில் திருகுப் பள்ளமே இருக்காது, குண்டில் தேட ஒன்றும் அகப்படாது. ஆனால் கையால் ராவிச் செய்த ஃபயரிங் பின் ஒவ்வொன்றும் ஒரு தினுசு. கலுவா எதிர் உத்தரப் பிரதேச அரசு என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படியொரு நாட்டுப் பிஸ்டலையும், கொலை நடந்த இடத்தில் கிடைத்த தோட்டா உறையையும் இணைத்த நிபுணரின் சான்றை ஏற்றுக்கொண்டது. இன்றும் வக்கீல்கள் மேற்கோள் காட்டும் தீர்ப்பு அது.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்த ஒப்பீடு கைரேகைபோலத் தப்பாதது என்ற நினைப்பையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். கோடுகள் பொருந்துகின்றன என்று முடிவு செய்வது கருவி அல்ல, கருவியின் முன் உட்கார்ந்திருக்கும் ஆள். எத்தனை கோடு பொருந்தினால் போதும் என்பதற்கு உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட எண் கிடையாது. ஒரே உளியால் அடுத்தடுத்து வெட்டிய இரண்டு குழல்கள் சில கோடுகளைப் பங்கு போட்டுக்கொள்ளவும் கூடும். அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசகர் குழு 2016இல் இதை ஆராய்ந்தபோது, முறையாக வடிவமைத்த ஆய்வு என்று அதற்கு ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. அதில் தவறாகப் பொருந்துகிறது என்று சொன்ன வீதம் ஏறத்தாழ 66இல் 1. அது 46இல் 1 வரைகூட இருக்கலாம் என்று குழு கணக்கிட்டது. கோடியில் ஒன்று என்பதுபோல் நீதிமன்றங்களில் பேசிவந்த நிபுணர்களுக்கு அது கசப்பு மருந்து. என் பார்வையில் அந்த எண் சோதனையை வீழ்த்தவில்லை. பிழைவீதத்தையும் சேர்த்துச் சொல்லும் நிபுணர்தான் நம்பத்தக்கவர்.

குண்டும் உறையும் கிடைக்காதபோது துணி பேசும். சுடும்போது குழலிலிருந்து குண்டு மட்டும் வருவதில்லை. புகைக்கரி, எரியாத மருந்துத் துகள், ஈய ஆவி எல்லாம் சேர்ந்து வரும். மிக நெருக்கத்தில் சுட்டால் துணி கருகும். சில சாண் தூரத்தில் கரி படியும். அதற்கு அப்பால் மருந்துத் துகள்கள் புள்ளி புள்ளியாகத் தைத்திருக்கும். கைத்துப்பாக்கியானால் ஒரு மீட்டர் சுமாருக்கு மேல் அவையும் அரிது. ஓட்டையைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் மட்டும் எந்தத் தூரத்திலும் இருக்கக்கூடும், குண்டு தன் மேலிருந்த அழுக்கை நுழையும்போது துணியில் துடைத்துவிட்டுப் போவதால். கண்ணுக்குத் தெரியாத துகள்களை வண்ணமாக்கிக் காட்ட 1937இல் வாக்கர் என்ற ஆய்வாளர் ஒரு வேதிச் சோதனையைக் கொண்டுவந்தார். மருந்து எரிந்ததில் மிஞ்சும் நைட்ரைட், பக்குவப்படுத்திய ஒளிப்படத் தாளில் நிறப் புள்ளிகளாகத் தெரியும். பிறகு அதே துப்பாக்கியால், அதே வகைத் தோட்டாவால், அதே வகைத் துணியில் பல தூரங்களிலிருந்து சுட்டு ஒப்பிடுவார்கள்.

அதே வகைத் துணி என்பதில் பனியன் ஊர்க்காரர்களுக்குக் காரணம் உடனே புரியும். நெய்த துணியில் குண்டு பட்டால் ஊடும் பாவும் அறுந்து ஓட்டை கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். பின்னல் துணி குண்டு படும்போது கண்ணிகள் இழுபட்டு விலகிவிட்டு மறுபடி சுருங்கும், 9 மில்லிமீட்டர் குண்டு போன ஓட்டை அதைவிடச் சின்னதாகத் தெரியும். அறுந்த கண்ணி பிறகு ஓடத் தொடங்கினால் அதே ஓட்டை பெரிதாகிவிடும். சட்டையை மடித்துப் பையில் திணித்த காவலர், தெரியாமலே தடயத்தை மாற்றியிருப்பார். பாலியெஸ்டர் கலந்த துணியானால் நெருக்கத்தில் இழை உருகி முனையில் உருண்டை கட்டும். மதுரை காந்தி அருங்காட்சியகத்தில் அந்த ஜனவரி மாலை காந்தி உடுத்தியிருந்த இரத்தக் கறை படிந்த துணியின் ஒரு பகுதி இருக்கிறது. அதே மதுரையில்தான் 1921 செப்டம்பரில் அவர் மேல்சட்டையைக் களைந்து அரை ஆடைக்கு மாறினார்.

தமிழ்நாட்டின் பிரபலமான துப்பாக்கிச் சூடு 1967 ஜனவரி 12 அன்று ராமாவரத்தில் நடந்தது. எம்.ஆர்.ராதா சுட்டதில் எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு தங்கியது, ராதாவும் குண்டுக் காயத்துடன் விழுந்தார். இருவரும் பிழைத்தார்கள். பல காலம் கிடந்த பழைய தோட்டாக்கள், அதனால்தான் வேகம் இல்லை என்று இன்றும் பரவலாகச் சொல்வார்கள். அந்தப் பேச்சு எவ்வளவு சரி என்பது ஒருபுறம் இருக்க, பழைய தோட்டா வலுவிழக்கும் என்பது உண்மை. மருந்து காலப்போக்கில் சிதைகிறது, குண்டைப் பிடித்திருக்கும் உறையின் வாய் தளர்கிறது, பிரைமரில் ஈரமோ எண்ணெயோ ஏறுகிறது.

இன்று திருப்பூரில் முறைப்படி உரிமம் பெற்ற ஒருவர் பழைய கைத்துப்பாக்கி வாங்க நினைத்தால் 9 மில்லிமீட்டரை மறந்துவிட வேண்டும். தனியாருக்கு வழக்கமாகக் கிடைப்பது .32 அளவு. 1959 ஆயுதச் சட்டப்படி, தன் துப்பாக்கியை விற்கும் உரிமதாரர் வாங்குபவரின் பெயர், முகவரியோடு மாவட்ட ஆட்சியருக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். துப்பாக்கியை விற்பது, பழுதுபார்ப்பது மட்டுமல்ல, தொழிலாகச் சோதித்துத் தருவதும் உரிமம் வேண்டிய வேலை. தோட்டத்துக் கிணற்று மேட்டில் சுட்டுப் பார்க்கும் விஷயம் அல்ல. தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். வாரக்கணக்கில் அங்கே கிடந்து எண்ணெய் காய்ந்து திரும்பி வருபவையும் உண்டு.

ஆலையிலிருந்து வெளிவரும் முன் ஒவ்வொரு துப்பாக்கியும் ஒரு சோதனையைத் தாண்டியிருக்கும். வழக்கத்தைவிட ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதல் அழுத்தம் தரும் தோட்டாவைச் சுட்டு, தாங்கினால் குழலில் முத்திரை குத்துவார்கள். முத்திரை சொல்வது குழல் பிறந்த நாளின் நிலையை மட்டும். அதற்குப் பிறகு ஒரு வலுவிழந்த தோட்டாவின் குண்டு குழலின் நடுவிலேயே நின்றுபோயிருக்கலாம்; சுட்டவர் சத்தம் குறைந்ததைக் கவனிக்காமல் அடுத்ததையும் சுட்டிருக்கலாம். அப்போது இரண்டு குண்டுக்கும் இடையே ஏறும் அழுத்தம் குழலை வளையம்போல் வெளித்தள்ளும். மேலே மெருகேற்றினால் அது கண்ணில் படாது. குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தால் ஒரு கறுப்பு வட்டமாகத் தெரியும். கடைக்காரர் முன்னிலையில் சுடும் ஒற்றைத் தோட்டா இதைக் காட்டிக்கொடுக்காது, அப்படிப்பட்ட குழலிலிருந்தும் குண்டு பெரும்பாலும் நேராகத்தான் போகும்.